புரளாத பிள்ளை

2011ஆம் ஆண்டு, என் தலைப்பிள்ளை நிறைமாதத்திலும் தலை திரும்பாமல் புட்டம் கீழாக அமர்ந்திருந்தது. 100 பேறுகளில் 3 அல்லது 4 இவ்வாறு அமைவதுண்டு. வயிற்றின்மேல் கைவைத்துத் திருப்ப முயன்றார் மருத்துவர், பிள்ளை இணங்கவில்லை.

"உன்னையும் இப்படித்தான் வீட்டிலே பெற்றேன், கத்தி எதற்கு?" என்றார் உம்மா.

மருத்துவரோ, தலை இறுதியில் வருவதால் அது சிக்கினால் அவகாசமில்லை என்றார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் திட்டமிட்ட அறுவையே சிசுவுக்குப் பாதுகாப்பாயிருந்தது. ஆயினும் மறுபேற்றில் தாய்க்கு அத்தழும்பு சுமையாகலாம். தேர்ந்த கை இருப்பின் இயல்பாகவும் பெறலாம் என விளக்கினார்.

"தாங்கள் அத்தகைய பேறு பார்த்ததுண்டா?" என்றேன்.

"மிகச் சிலவே" என்றார் தயங்காமல்.

அவ்வாய்மையே என்னை முடிவுக்குக் கொணர்ந்தது, அறுவைக்கு இசைந்தேன். பேத்தியைக் கையில் ஏந்திய உம்மா கத்தியை மறந்தார். தம் எல்லையை ஒளியாது உரைத்தல் மருத்துவர்க்கு மட்டுமன்று, வகுப்பறையில் நிற்கும் நமக்கும் அறமே.