பெரம்பலூரில் ஒரு பழைய கடல்... காரைக்கு ஒரு நாள் போய் வரலாமா?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், பாடாலூரில் கிழக்கே திரும்பினால் காரை கிராமம். பச்சை வயல் திடீரென முடிந்து, மழைநீர் அறுத்துப்போட்ட வறண்ட களிமண் மேடுகள் ஆரம்பிக்கின்றன. குனிந்து பார்த்தால் தோட்டா வடிவத்தில் சின்னச் சின்னக் கற்கள். கணவாய் மீனின் பழங்காலச் சொந்தமான பெலம்னைட்டின் மிச்சங்கள் அவை. நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் இங்கே கிடைத்திருக்கின்றன.

கடற்கரையே இல்லாத மாவட்டத்துக்குக் கடல் உயிரினங்கள் எப்படி வந்தன?

சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்தன. அது இழுபட்டுப் பிரியத் தொடங்கியபோது தரை மெலிந்து வெடித்தது. நெருக்கி அடுக்கிய செங்கற்களை இருபுறமும் இழுத்தால் நடுக்கல் கீழே இறங்கும் அல்லவா? அப்படி இறங்கிய பள்ளம்தான் காவிரிப் படுகை.

முதலில் ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டின. பக்கத்திலுள்ள தெரணியின் களிமண்ணில் இலைத் தடங்கள் இருப்பது அதனால்தான். பிறகு கடல் உள்ளே வந்தது. வண்டலின் பாரம் ஏற ஏறப் பள்ளம் மேலும் அமிழ்ந்தது. அமிழ்ந்த இடத்தில் இன்னும் வண்டல் சேர்ந்தது. படுகையின் சில இடங்களில் இந்த அடுக்குகளின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல்!

நாகை பக்கம் நரிமணத்தில் கச்சா எண்ணெய் எடுப்பது இந்தப் படுகையின் ஆழத்து அடுக்குகளிலிருந்துதான். அங்கே மண்ணுக்குள் மறைந்திருப்பது, படுகையின் மேற்கு விளிம்பான காரையில் வெளியே தெரிகிறது.

அருகிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. 1940-ல் அதை வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உண்டு.

காரைக்குத்தான் வேலி இல்லை. அம்மோனைட்டுகள் காலத்துக்குக் காலம் வடிவம் மாறியவை. எந்த அடுக்கில் எது கிடக்கிறது என்பதை வைத்தே அந்த அடுக்கின் வயதைச் சொல்கிறார்கள். வீட்டு ஷோகேஸுக்குப் போய்விட்டால் அது வெறும் அழகான கல். மண்ணிலோ ஒரு பக்கம் கிழிந்துபோகிறது.

நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். கல்லை எடுக்காதீர்கள்... போட்டோ எடுங்கள்!