பயத்தில் நான் செய்த தவறு

பெற்றவள் நான் செய்த ஒரு தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

ஆயர் தாவாரில் எங்கள் வீடு. கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மூத்த மகனுக்குச் சிறு வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாது. சொன்னது மனத்தில் நிற்காது. வால்தனம் என்று அடித்தும் பார்த்தோம். பிறகுதான் அது ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் விளக்கி, மெத்தில்பெனிடேட் மாத்திரை கொடுத்தார். படிப்பு நிமிர்ந்தது.

இரண்டாம் படிவம் போனான். கூட்டாளிகளுக்கு மீசை அரும்பியது, குரல் உடைந்தது. இவனுக்கோ போன ஆண்டுப் பச்சைச் சிலுவாரே சரியாக இருந்தது. கட்டிக் கொடுத்த சோறும் அப்படியே திரும்பி வந்தது.

"மாத்திரைதான் பையனை அமுக்குது. இப்படியே போனா ஆம்பளையாவே ஆகமாட்டான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பயந்துபோய், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன்.

மூன்றே வாரத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு. வகுப்பில் சண்டை. வீட்டுக்கு வந்ததும், "வேணும்னாம்மா நான் இப்படிச் செய்றேன்?" என்று அழுதான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "மாத்திரை பகல் பசியைக் குறைக்கும், சிலருக்குத் தூக்கம் கெடும். உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையலாம். ஆனால் பிள்ளை ஆளாவதை அது நிறுத்திவிடாது. ஆண்பிள்ளைகளுக்குப் பருவம் 9 வயதிலும் தொடங்கும், 14 வயதிலும் தொடங்கும். அப்பா எப்போது வளர்ந்தார்?" என்று கேட்டார். கணவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். 16 வயது வரை தோட்டத்தில் அவருக்குக் 'குள்ளன்' என்றுதான் பெயராம்!

இப்போது மாத்திரைக்கு முன்பே மகனுக்கு வயிறு நிறையப் பசியாறல். மருந்தின் வேகம் தணியும் மாலையில் பசி எடுக்கும். அப்போது சோறு, முட்டை, மைலோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்கிறார்கள். வளரும் உடம்புக்கு மருந்தின் அளவு மாறவும் கூடும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளை முகம் வாடிப் பேச்சைக் குறைத்தாலும், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் மகனின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வருகிறேன். சென்ற மாதம் கோடு அரை விரல் ஏறியிருந்தது. அவனே ஓடிவந்து காட்டினான்.

தாய்மார்களே, பயம் வந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.