அனந்தபுரியில் பழைய சைக்கிள்கள்

திருவனந்தபுரம் சமதள நகரம் அன்று. கிழக்குக் கோட்டையிலிருந்து தலைமைச் செயலகம் நோக்கிச் செல்லும் பெருவீதி மேடேறுவதைக் காரில் செல்வோர் உணரார். ஒற்றை வேகமுடைய பழைய சைக்கிளை மிதிப்போரின் முழங்கால்கள் நன்கறியும்.

ஆயினும் இந்நகரின் புகழோடு ஒரு சைக்கிள் ஒட்டிக்கொண்டது. புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அங்கே ராக்கெட்டின் கூம்புமுனையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் செல்லும் காட்சியை 1966இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்தார். முதல் ராக்கெட்டே அவ்வண்டியில்தான் போயிற்று என்று பலர் சொல்வது பிழை. அன்று அலுவலகமாயிருந்த புனித மரிய மகதலேனாள் தேவாலயம் இன்று விண்வெளிக் கண்காட்சியகம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். பாட்டனாரின் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் அது இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். பல்சக்கரத்தில் நாரை வடிவம் வெட்டியிருந்தால் ராலே. விரித்த கை இருந்தால் ரட்ஜ். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை பி.எஸ்.ஏ.யினுடையது. ஹெர்குலிஸ் என்றால் சற்று நிதானம் வேண்டும். பர்மிங்ஹாமிலும் செய்தார்கள், 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரிலும் செய்தது. என்னைக் கேட்டால் அம்பத்தூர் வண்டிக்கு மதிப்புக் குறைவில்லை.

பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் குடம் இருப்பின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். 57, 3 என்பன போன்ற எண்கள் பெரும்பாலும் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும். ஆனால் அது குடத்தின் வயதே; சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். சட்டத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைப் பார்க்குமுன் புதுவண்ணம் பூச ஒப்பவேண்டாம். அன்பு மிகுந்த உறவினர், நாம் வருகிறோமென்று வண்டியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி வைப்பதுண்டு! தங்கக் கோடுகளும் எழுத்துகளும் போனபின் மீளா.

ஓட்டிப் பார்க்க ஆசையுள்ளோர் அதிகாலையில் வேளிக் கடற்கரைப் பக்கம் செல்லலாம். கம்பிப் பிரேக்கின் ரப்பர்க் கட்டைகளை மாற்றிய பிறகே இறக்கத்தில் விடவேண்டும். மழை நாளில் அதுவும் வேண்டா. முலாமிட்ட எஃகு வளையம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும், வண்டி நிற்காது.