அஞ்சு சக்கரமும் அரை டின் சில்வரும்

காமர்ஸ் படிச்சவன் பழைய கார் வச்சிருக்கறது கொஞ்சம் கஷ்டம்ங்க. கை சும்மா இருக்காது, தேய்மானம் போட்டுப் பார்த்துடும். நம்ம வீட்டு மாருதி 800, அப்பா 2004-ல தூத்துக்குடியில வாங்கினது. 2 லட்சம்னு வச்சுக்கிட்டு வருஷா வருஷம் 15 சதவீதம் குறைச்சுக்கிட்டே வந்தா, 21 வருஷத்துல மிச்சம் சுமார் 6,600 ரூபாய். இந்த லட்சணத்துல பையன், "அப்பா, அலாய் வீல் போட்டுடலாம்"னான். கடையில விசாரிச்சா நாலுக்கு 22,000. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

தங்கமணி யோசனை வேற. "அதுக்கு வண்டியையே தள்ளிவிட்டுடலாமே." நியாயம்தான். 800 தயாரிப்பையே 2014-ல நிறுத்தியாச்சு. அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லலை. எனக்கு அதுதான் சங்கடமா இருந்துச்சு. அப்பா போனப்புறம் 2016-ல ஊர் வீட்டை வித்துட்டு, அம்மாவையும் காரையும் ஒண்ணாத்தான் வதோதராவுக்குக் கூட்டிட்டு வந்தோம். இங்க வந்து டிஎன் 69 போய் ஜிஜே 06 ஆச்சு. சீட் கவர், பேட்டரி, டயர் எல்லாம் மாறிச்சு. மாறாதது அந்த 12 இன்ச் இரும்பு ரிம்தான். தூத்துக்குடி உப்புக்காத்துல பிடிச்ச துருவும் அப்படியே கூட வந்துச்சு.

சரி, நாமளே பெயிண்ட் அடிச்சிடலாம்னு முடிவு பண்ணினேன். ஈரக்காத்துல ஸ்ப்ரே அடிச்சா பெயிண்ட் வெளுத்துப் போகும். அதனால மழையெல்லாம் ஓயட்டும்னு காத்திருந்து, 2025 நவம்பர் நடுவுல ஆரம்பிச்சேன். ஞாயிறுக்கு ஒரு சக்கரம்.

முதல்ல ஸ்டெப்னி. அது காஞ்சதும் ஒரு சக்கரத்தைக் கழட்டி அந்த இடத்துல மாட்டணும். கழட்டினதுதான் அடுத்த ஞாயிறு வேலை. இப்படிச் சுத்தி வந்தா வண்டி ஜாக்கி மேலயே நிக்க வேண்டியதில்லை, ஆபீஸுக்கும் போயிடலாம். வண்டி தரையில இருக்கும்போதே நட்டை ஒரு திருகு தளர்த்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மத்த சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டுத்தான் ஜாக்கியைத் தொடணும்.

சோப்புத் தண்ணியில கழுவி, பிசுக்கைத் தின்னரால துடைச்சு, கம்பி பிரஷ் போட்டுட்டு, 120 உப்புத்தாள், கடைசியில 400. ஒரு சக்கரம் தேய்க்க மூணு மணி நேரம் ஆகும். துரு மேலயே பெயிண்ட் அடிக்கறது, வாராக்கடனைப் புதுக் கடன் கொடுத்து மறைக்கற மாதிரி. உள்ள இருக்கறது ஒருநாள் வெளிய வந்தே தீரும்.

டயர்ல பெயிண்ட் படாம இருக்க சீட்டுக்கட்டுதான் நல்லது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல சீட்டைச் சுத்திவரச் செருகிடணும். எதிர் வீட்டு காகா, ஜன்மாஷ்டமிக்கு ஆடின ரெண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்துட்டார். அப்புறம் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மெல்லிசா சில்வர் மூணு, மேல கிளியர் ஒண்ணு. டின்னை நல்லாக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, கோட்டுக்குக் கோட்டு கால் மணி நேரம் விட்டு அடிக்கணும். மொட்டை மாடி மாதிரி திறந்த இடமா இருக்கணும், மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

ஒண்ணு ரொம்ப முக்கியம். நட்டு உட்கார்ற குழியிலயும், ரிம் போய் ஹப்புல ஒட்டற பரப்புலயும் பெயிண்ட் கூடாது. அது நசுங்கினா நட்டோட இறுக்கம் குறைஞ்சிடும்.

ஸ்டெப்னியைத் திருப்பிப்போட்டு உள்பக்கம் தேய்க்கறப்ப, அழுக்குக்கு அடியில சிவப்பா '4'ன்னு ஒரு எண். குனிஞ்சு மத்த சக்கரத்தையும் துடைச்சுப் பார்த்தா 1, 2, 3, 5 எல்லாம் இருக்கு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டயரை மாத்தி மாத்திப் போடுவார்ல, குழப்பம் வரக்கூடாதுன்னு அவரே எழுதினதுடா. நம்ம கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட்ல மிஞ்சினது."

அந்த கேட் இப்ப வேற யார் வீட்டுதோ.

பையன் எதுவும் கேட்கலை. மாஸ்கிங் டேப்பைச் சின்னதா வெட்டி, '4' மேல ஒட்டினான். அடுத்தடுத்த ஞாயிறுகள்லயும் அவனே ஒட்டினான். இப்ப வெளிய எல்லாம் புது சில்வர், உள்ள அப்பா எழுதின சிவப்பு எண் அப்படியே இருக்கு. அலாய் பேச்சும் நின்னு போச்சு.

மொத்தச் செலவு 1,900 ரூபாய். ஆர்சி 2029 வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் விக்கறதா இல்லை. நம்ம தேய்மானக் கணக்குலயே ஒரு விசேஷம் உண்டு. மிச்சத்துலேர்ந்துதானே 15 சதவீதம் குறைக்கறோம், அதனால எத்தனை வருஷம் போனாலும் மதிப்பு பூஜ்யம் ஆகவே ஆகாது.

நீங்களும் இறங்கறதா இருந்தா, சக்கரம் மாட்டறப்ப நட்டை எதிரெதிரா இறுக்குங்க. 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு சுற்று இறுக்கிப் பாருங்க.

சில்வர் அரை டின் மிச்சம். தங்கமணி ரெண்டு நாளா பால்கனி கிரில்லையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.