வேர் போன ஆர்க்கிட்டும் இருபது லிட்டர் கேனும்

நமக்கெல்லாம் ஆர்க்கிட் ஆசை எப்ப வரும்? யாராவது பூவோட ஒரு தொட்டியைக் கையில கொடுத்துட்டுப் போனப்புறம்தான் :-) ரெண்டு மாசம் பூ வாடாம நிக்கும். வர்றவங்க எல்லாம் பிளாஸ்டிக்கான்னு தொட்டுப் பார்ப்பாங்க. பூ உதிர்ந்ததும் நம்ம அக்கறை திடீர்னு கூடிப்போகும். தினமும் தண்ணி. அங்கே பிடிக்கும் சனி.

நான் சொல்லப்போற செடி என்னோடது இல்லை. எதிர் வீட்டு மாடியில அஞ்சு பொண்ணுங்க சேர்ந்து வாடகைக்கு இருந்தாங்க. மண்ணூர்ல இப்படி மாடிகள் நிறைய. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி. விடியக்காலையில ஷிப்டு பஸ் ஹாரன்தான் எங்களுக்கு சேவல். அந்த அஞ்சு பேர்ல ஒரு பொண்ணு விழுப்புரம் பக்கம். ரெண்டு வருஷ டிரெய்னி. வீட்டுக்கு அனுப்பினது போக மிச்சம் பிடிச்சு, சென்னையில ஒரு நர்சரியில 650 ரூபாய் கொடுத்து வாங்கின செடி. ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ. "இந்தக் காசுக்கு ஒரு குண்டான் வாங்கியிருக்கலாமே"ன்னு அவங்கம்மா போன்லயே திட்டினாங்களாம். "அக்கா, எனக்குன்னு நானா வாங்கின மொத சாமான் இதுதான்"னு அவ சொன்னது எனக்கு ரொம்ப நாள் மனசுல நின்னுச்சு.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா இலையெல்லாம் பழைய செருப்புத் தோல் மாதிரி சுருங்கித் தொவண்டு கிடக்கு. ரூம்ல இருந்த இன்னொரு பொண்ணு பாசமா தினம் ஒரு சொம்பு ஊத்தியிருக்கா. வாடுதேன்னு அப்புறம் ரெண்டு சொம்பு ஆக்கியிருக்கா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. கத்தரிச் செடி வாடினா தண்ணி ஊத்தினா நிமிரும், நம்ம கண்ணு அதுக்குத்தான் பழகியிருக்கு. தொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. "காப்பாத்திடலாமாக்கா?"

இங்கதான் கொஞ்சம் பாடம் நடத்தணும், பொறுத்துக்குங்க. கடைகள்ல அதிகமா விக்கிற இந்த வகைக்குப் பேரு ஃபெலனாப்சிஸ். அந்திப்பூச்சி மாதிரி இருக்குன்னு 1825ல புளூம் வெச்ச பேர். காட்டுல இது மண்ணுலயே வளராது. மரத்து மேல தொத்திக்கிட்டு, வேரைக் காத்துல தொங்கவிட்டுக்கிட்டு இருக்கும். பிளஸ் ஒன் தாவரவியல்ல 'தொற்றுத்தாவரம், வாண்டா, வெலமன் திசு'ன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். வெலமன்ங்கிறது வேரைச் சுத்தி இருக்கிற செத்துப்போன செல்களோட உறை, ஸ்பாஞ்சு மாதிரி. மழை பட்டா சர்ருனு உறிஞ்சிக்கும், அப்ப வேர் பச்சையாத் தெரியும். காஞ்சா வெள்ளி நிறம். நனையறது, காயறது, மறுபடி நனையறதுன்னு பழகின வேர் அது. அதைக் கொண்டுபோய் எப்பவும் சொதசொதன்னு இருக்கிற பாசியில புதைச்சா காத்து கிடைக்காம மூச்சு முட்டி அழுகிடும். வேர் போச்சுன்னா இலைக்குத் தண்ணி ஏத்த ஆளில்லை. இலை வாடும். நாம இன்னும் ஊத்துவோம். தண்ணியில நின்னுக்கிட்டே தாகத்துல சாகிற செடி இது.

தொட்டியிலேர்ந்து எடுத்ததும் அந்த நாத்தம் இருக்கே, அடைச்ச சாக்கடைதான். வெளிப்பக்கம் தேங்காய் நார்ச் சில்லு. அதை உதிர்த்தா நடுவுல இறுக்கமா ஒரு பாசி உருண்டை. ஆய்வகக் குடுவையிலேர்ந்து வெளிய வந்த சின்ன வயசுல அந்த உருண்டையில நட்டிருப்பாங்க, பெருசாகும்போது அப்படியே தூக்கி அடுத்த தொட்டியில வெச்சிருப்பாங்க. மேல காஞ்சு தெரியும், நடுவுல மாசக்கணக்குல ஈரம். போதாததுக்கு வெளியில அழகுக்கு ஒரு ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி வேற. வாங்கினதும் அந்த உருண்டையை மட்டும் எடுத்துட்டாலே நிறைய செடி பொழைக்கும்னு என் கட்சி.

வேரை ஒவ்வொண்ணா விரலால நசுக்கிப் பார்த்தோம். கெட்டியா இருந்தா உயிர். கொழகொழன்னு உறை கழண்டு உள்ளே நூல் மட்டும் நின்னா போச்சு. எண்ணிப் பார்த்தா எல்லாமே நூல்தான். ஒண்ணே ஒண்ணு, ரெண்டு செ.மீ. நீளத்துக்கு, போனாப் போகுதுன்னு பச்சையா நின்னுச்சு. கத்திரிக்கோலை அடுப்புத் தணல்ல காட்டி ஆறவெச்சு அழுகினது அத்தனையும் வெட்டினேன். தணல்ல காட்டறது சும்மா சாஸ்திரத்துக்கு இல்லை, ஆர்க்கிட் வைரஸ் சாறு வழியாத்தான் ஒரு செடியிலேர்ந்து இன்னொண்ணுக்குப் பரவும். வெட்டின வாய்ல சமையல் பட்டைத்தூள். பூஞ்சையைத் தடுக்கும், ஆனா அதுவே ஈரத்தை இழுத்துடும், அதனால அந்த ஒத்தை வேர் மேல படாம பார்த்துக்கிட்டேன். பூத்தண்டையும் வெட்டிட்டேன். வெட்டும்போது அந்தப் பொண்ணு முகத்தைத் திருப்பிக்கிட்டா. காய்ஞ்ச காம்பா இருந்தாலும் பூ வந்த காம்பாச்சே.

இதுக்கப்புறம்தான் கஷ்டமான வேலை, அதாவது சும்மா இருக்கறது. ரெண்டு நாள் நிழல்ல தலைகீழா வெச்சு வெட்டுவாய் காய விட்டோம். "தண்ணியே ஊத்த வேணாமா?"ன்னு எங்க ரங்கமணி நாலு தடவை கேட்டாச்சு. ஊத்தி என்ன பண்ண, குடிக்க வாய் இல்லையே!

கணக்கு இதுதான். இலையில இருக்கிற சேமிப்பு தீர்றதுக்குள்ள புது வேர் வரணும். டெண்ட்ரோபியம் மாதிரி வகைகளுக்குக் கரும்பு மாதிரித் தண்டு உண்டு, அதுல சரக்கு இருக்கும். ஃபெலனாப்சிஸுக்கு அந்த வசதி இல்லை, இலைதான் பேங்க். அதனால செலவைக் குறைக்கணும். இந்தச் செடி கள்ளி, அன்னாசி மாதிரி ராத்திரியிலதான் இலைத்துளையைத் திறக்கும், ஈரத்தை விடறதும் பெரும்பாலும் அப்பதான். சுத்தி இருக்கிற காத்து ஈரமா இருந்தா இலை விடற ஈரம் குறையும். காத்துல ஈரம் வேணும், அடியில ஈரம் படக்கூடாது. வெளிநாட்டுக்காரங்க இதுக்கு ஜிப் கவர்ல ஈரப் பாசி போட்டுக் கட்டி வெப்பாங்க. நம்ம ஊர்ல பஞ்சமில்லாம கிடைக்கிறது இருபது லிட்டர் தண்ணி கேன். விரிசல் விட்ட கேன் ஒண்ணைக் குறுக்கால அறுத்து, கீழ்ப்பாதியில கூழாங்கல், ஒரு விரக்கடை தண்ணி. மேல ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் கப்பைக் கவுத்து, அதுமேல செடி. மேல்பாதியைத் தொப்பி மாதிரி மூடி, வாயைத் திறந்தே விட்டாச்சு. வடக்குப் பார்த்த ஜன்னல், வெளிச்சம் உண்டு, நேர் வெயில் கிடையாது. வெயில் பட்டிருந்தா கேனுக்குள்ள செடி இட்லியா வெந்திருக்கும்.

தண்ணி மழைத்தண்ணி, தீர்ந்ததும் ஆர்.ஓ. தண்ணி. எங்க போர் தண்ணி பாத்திரத்துல வெள்ளையாப் படியிற ரகம், அந்த உப்பு புது வேர் நுனியைக் கருக்கிடும். தேங்காய் நார்ச் சில்லுலயும் உப்பு இருக்கும், நாலஞ்சு தடவை ஊறவெச்சு அலசாமப் போடாதீங்க. உரம் கிடையாது. சர்க்கரைத் தண்ணி வெக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னார். பூஞ்சைக்கும் எறும்புக்கும் விருந்து வெக்கிற யோசனை. மண்ணூர் எறும்புக்குக் கோலமாவே போதும்.

பிப்ரவரி முழுக்க ஒண்ணும் நடக்கலை. மார்ச்சுல அடி இலை ஒண்ணு மஞ்சளாச்சு. அந்தப் பொண்ணு நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் தூங்கப்போவா. மஞ்சள் இலையை வெட்டிடலாமான்னு கேட்டா. வேணாம்னேன், செடி அதுல இருக்கிறதை உறிஞ்சி மேல அனுப்புது, தானா விழட்டும். நடுக்குருத்து கெட்டியா இருக்கிறவரைக்கும் நம்பிக்கை உண்டு. அது மேல நோக்கி ஒரே குருத்தா வளர்ற செடி, குருத்துல தண்ணி தேங்கி அழுகிட்டா அநேகமாக் கதை முடிஞ்சுது. ஒரு நாள் தெரியாம துளி விழுந்துச்சு, பஞ்சு வெச்சு ஒத்தி எடுத்தா, குழந்தைக் காது துடைக்கிற மாதிரி.

ஏப்ரல் கடைசி வாரம். அடி இலைக்கு மேல தண்டுல ஒரு பச்சை மூக்கு. பருவா, பூஞ்சையான்னு மூணு நாள் சந்தேகம். நாலாம் நாள் நுனி பளபளன்னு, பின்னாடி வெள்ளியா உறை. வேரேதான்! கத்திரி வெயில் ஆரம்பிச்சப்ப ரெண்டாவது வந்துச்சு. அந்தச் சூட்டுல மட்டும் கேனைச் சமையலறை ஓரத்துக்கு மாத்தினோம். வேர் ஒரு விரல் நீளம் ஆனதும், ஜூன்ல, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே அலசின நார்ச் சில்லும், இஸ்திரி வண்டிக்காரர் கொடுத்த மரக்கரியும். இப்ப வேர் வெள்ளியானா மட்டும் தண்ணி. உரம் பாக்கெட்டுல சொன்னதுல கால்பங்கு.

ஜூலையில அவளுக்கு டிரெய்னி காலம் முடிஞ்சுது. நிரந்தரம் ஆகலை. மூட்டை கட்டினா, செடியை எங்கிட்ட விட்டுட்டுப் போனா. ஊருக்குக் கொண்டுபோனா அம்மா மறுபடி 650 ரூபாய்க் கணக்கை எடுப்பாங்களாம். செப்டம்பர்ல போன் வந்துச்சு, ஓசூர் பக்கம் வேலை கிடைச்சிருக்கு. மொதல் கேள்வியே "அக்கா, அது பூக்குமா?"

உண்மையைச் சொல்லணும்ல. இந்தச் செடி பூத்தண்டு விடறதுக்கு சில வாரமாவது வெப்பம் 25, 26 டிகிரிக்குக் கீழ இருக்கணும். அதனாலதான் குளிரூட்டின பசுமைக்குடில்ல பூக்கவெச்சு நமக்கு விக்கிறாங்க, நம்ம வீட்டுல அடுத்த பூ சுலபத்துல வர மாட்டேங்குது. மண்ணூர்ல மார்கழி, தை விட்டா அந்தக் குளிர் ஏது? இங்க சமவெளியில பூ வேணும்னா டெண்ட்ரோபியம் வளர்க்கலாம், இல்லேன்னா நம்ம மாமரத்துலயே காட்டுல தொத்திக்கிட்டு வளர்ற வாண்டா டெசெலாட்டா இருக்கு, வாசனையோட. ஆனா ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். ராத்திரிக்குப் போர்வை கேக்கிற ஊர். மண்ணூரை விட இந்தச் செடிக்கு அதுதான் தோதான இடம்.

"அப்ப நானே வந்து எடுத்துக்கறேன்"னா. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வந்தா. மூணு இலை, நாலு வேர். தண்ணி ஊத்தாம ரெண்டு நாள் காயவெச்சு, வேர் வளையற பதத்துல நியூஸ்பேப்பர் சுத்தி, அட்டைப்பெட்டியில நிக்கவெச்சுக் கட்டிக் கொடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து பஸ், மடியிலேயே வெச்சுக்கிட்டுப் போனாளாம். புது ரூம்ல எட்டு பேர். "யாரும் தண்ணி ஊத்தக் கூடாது"ன்னு தொட்டியில ஒரு சீட்டு ஒட்டியிருக்கா, போட்டோ அனுப்பினா. தமிழ்லயும் இந்தியிலயும் :-)