அப்பா தட்டிப் பார்த்த சுவர்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அரை கிரவுண்டு நிலம் வாங்கிப்போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதில் இதுவரை விளைந்தது வேலிக்காத்தானும், எங்கள் வீட்டில் சண்டையும்தான்.

என் கட்சி: சிமெண்டைக் கொட்டாமல், வெயிலுக்கு அடக்கமாக ஒரு சின்ன வீடு. அப்பாவின் கட்சி: கான்கிரீட். மேல்மாடிக்கு மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் கம்பி நீட்டாத வீடு உண்டா? பாதிக் கம்பிகள் துருப்பிடித்து, வராத மாடிக்காகக் காத்திருக்கின்றன.

"மண்ணுலயும் கட்டலாம்ப்பா..." என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மோர் சாதம்கூடச் சாப்பிடவில்லை.

காரணம் இருக்கிறது. அவர் பிறந்தது மண்சுவர் வீட்டில். ஓர் ஐப்பசி மழையில், ராத்திரி, மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சுவரோரம் படுத்திருந்த அத்தைக்கு அப்போது எட்டு வயசு. இன்றைக்கும் அத்தை இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பாள். அந்த வீட்டைவிட்டு வெளியே வரத்தான் அப்பா முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தார். பிள்ளை லோன் போட்டு மறுபடி மண்ணுக்குள்ளே போகிறேன் என்றால்?

"பார்த்துட்டு வேணாம்னு சொல்லுங்க" என்று கெஞ்சி, ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை அவரை ஆரோவில்லுக்குக் கிளப்பினேன்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் பாதி வழி வரை அப்பா பேசவில்லை. மீதி வழியில் தூங்கினார். இறங்கி ஆட்டோ பிடித்ததும் செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் மரம். 1968-ல் இந்த ஊரை ஆரம்பித்தபோது இது மொட்டைப் பொட்டல். எல்லாம் பிறகு நட்டு வளர்த்தது என்றேன். "ம்" என்றார். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி புடவைக்கட்டில் மொபெட்டில் பறந்தாள். அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தார்.

பார்வையாளர் மையம் என்று ஒரு கட்டிடம். 1989-ல் தொடங்கி 1992-ல் முடித்தது. அதே 1992-ல் ஏழைகளுக்கான கட்டிடக்கலைக்காக ஹஸன் ஃபாத்தி பெயரிலான விருது வாங்கியது. ஹஸன் ஃபாத்தி எகிப்துக்காரர். 1940-களில் லக்ஸர் பக்கத்தில் ஒரு கிராமத்தையே பச்சை மண் கல்லில் கட்டிக் காட்டியவர். இங்கே வரிசை வரிசையாக வளைவுகள். நேர்க்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்பா உள்ளே நுழைந்ததும் செய்த முதல் காரியம், பையிலிருந்து பீரோ சாவியை எடுத்துச் சுவரைச் சுரண்டியது. எனக்கு உயிர் போயிற்று. நல்லவேளை, காவலாளி அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். சுவர் கொட்டவில்லை. சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விரல் மடக்கித் தட்டினார். இன்னொரு இடத்தில் தட்டினார். டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி.

"செவுரு எதுல?"

"மண்ணுதாம்ப்பா."

"ஏமாத்தாதே."

கொஞ்சம் தள்ளி ஒரு கட்டிட வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்து கிராமத்து மேஸ்திரி ஒருத்தர். அப்பா பேச்சுக் கொடுத்ததும் பீடியை அணைத்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். செம்மண், மணல், நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட். ஈரப்பதமாகக் கலந்து இரும்பு அச்சில் போட்டு, ஆள் தொங்கி அழுத்த வேண்டும். அந்தக் கைமிஷின் இங்கேயே உருவாக்கியது. வெளியே வரும் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. 28 நாள் தண்ணீர் காட்டிப் பதப்படுத்தினால் போதும். விறகு இல்லை, புகை இல்லை.

கல்லின் அளவு 24-க்கு 24 சென்டிமீட்டர், கனம் 9. கலவைக்கு ஒரு சென்டிமீட்டர் சேர்த்தால் 25. முழுக்கல், முக்கால் கல், அரைக்கல் என்று அச்சிலேயே உண்டு. அறையின் நீள அகலத்தை அந்தக் கணக்கிலேயே போட்டுவிட்டால் ஒரு கல்லையும் உடைக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்குகிற சமாசாரம்தான்.

"அது சரி, ஏன் எல்லாம் கூன் போட்டு நிக்குது?" என்றார் அப்பா.

மண் பாரம் தாங்கும், இழுத்தால் தாங்காது. தட்டையாகத் தளம் போட்டால் அடிப்பக்கம் இழுபடும், அதற்குத்தான் கம்பி. வளைத்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டே தரைக்குப் பாரத்தைக் கொண்டுபோகும். துணி காயப்போடும் கொடிக்கயிறு தொங்குகிறதே, அந்தத் தொங்கலைத் தலைகீழாக்கினால் சரியான வளைவு. ராபர்ட் ஹூக் என்ற இங்கிலீஷ்காரர் இதை 1675-லேயே கண்டுபிடித்து, யாரும் திருடக்கூடாதென்று எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அச்சிட்டார். நம்ம மேஸ்திரிக்கு ஹூக்கைத் தெரியாது. ஆனால் எகிப்தின் நூபியா முறையில், சென்ட்ரிங் பலகையே இல்லாமல், மெல்லிய மண் பசை தடவி, ஒரு கல்லோடு ஒரு கல்லைச் சாய்த்து ஒட்டிக் கூரை எழுப்புவார்.

விகாஸ் என்ற குடியிருப்பில் ஒரு கட்டிடம் நான்கு தளம். அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணையே கல்லாக்கி மேலே ஏற்றிவிட்டார்கள். பாண்டிச்சேரிக் குயவர் ரே மீக்கர் இன்னும் ஒரு படி மேலே. 1980-களின் நடுவில் தொடங்கி, மண்ணால் வளைவு வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடுமாக அடைத்து, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்! 90-களின் கடைசியில் நிறுத்திவிட்டார்.

அப்பா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"மேஸ்திரி, உங்க ஊடு எதுல?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சூளைச் செங்கல்லுதாங்கய்யா. மேல கான்கிரீட்டு. பொண்ணு கட்ட வர்றவன் மண் ஊடுன்னா வாசல்லயே திரும்பிடுவான்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு லோன் ரத்தாகிவிட்டது. ஏற்கெனவே ஒரு பேங்கில் விண்ணப்பத்தைப் பார்த்தவர் "மண்ணா?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்திருந்தார். வளைந்த கூரைக்கு மேல் மாடி எடுத்து வாடகைக்கு விடுவது சுலபமில்லை. வளைந்த சுவரோடு ஒட்டி பீரோவை எப்படி நிறுத்துவது? காலண்டர் மாட்டினால் அந்தரத்தில் ஆடும். என் கட்சியிலும் ஓட்டைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வந்து வளைவுக்கடியில் உட்கார்ந்தோம். வெளியே ஒரு மணி வெயில். உள்ளே ஃபேன் கிடையாது. வேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அப்பா, தன்னையறியாமல் சுவரில் சாய்ந்தார். பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால், கண் மூடியிருந்தார். தூங்கவில்லை. உள்ளங்கை மட்டும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

"எங்க ஊட்டுத் திண்ணை இப்படித்தான்டா இருக்கும். சித்திரையிலயும் சில்லுனு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பஸ்ஸில் கிளியனூர் தாண்டியதும் சொன்னார்:

"உங்க அத்தையை ஒருநாள் கூட்டிட்டு வா. இந்தச் செவுத்துல சாஞ்சு உக்காரச் சொல்லு. அவ உக்காந்தா கட்டிக்க."

அத்தைக்கு அன்று ராத்திரியே போன் போட்டேன். "மழைக்காலத்துல வர்றேன்" என்றாள்.