வான்வழிக் காவல்

நுழையும்முன்

விமானத்தை விமானி ஓட்டுகிறார். ஆனால், அதனைக் காப்போர் பலர். அரசு, விமான நிறுவனங்கள், பொறியாளர்கள், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்போர், பழுதுபார்ப்போர் ஆகிய அனைவரும் அறிந்ததை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும்போதுதான் வான்வழி பாதுகாப்பானதாகிறது. குறையைக் கண்டவர் அஞ்சாமல் சொல்வதே அதன் முதற்படி என்பதை இப்பாடம் காட்டுகிறது.

மாடு கன்றுகள் மந்தையாக மேய்ந்த வெளி, மந்தைவெளி எனப் பெயர் பெற்றது என்பர். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவே பறக்கும் ரயில் ஓடுகிறது. ஆயினும், மொட்டை மாடியில் நிற்பவர்க்கு வானம் இன்னும் வெளியாகவே விரிந்து கிடக்கிறது. மேல்காற்று வலுத்து வீசும் நாள்களில் விமானங்கள் கடற்பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து, காற்றை எதிர்கொண்டு மீனம்பாக்கம் நோக்கித் தாழ்கின்றன.

விமானப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், அன்றைய மாலையிலும் மாடியில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். பதினோராம் வகுப்பில் பயிலும் அவருடைய பெயர்த்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“என்னம்மா, பள்ளியிலிருந்து வந்தது முதல் உன் பேச்சையே காணோமே?”

“ஒன்றுமில்லை, தாத்தா.”

இரண்டு விமானங்கள் கடந்து சென்றன. பிறகு அவளே சொன்னாள். வேதியியல் ஆய்வகத்தில் அவள் பயன்படுத்திய அடுப்பின் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தது. வகுப்பு முடியும் நேரத்தில்தான் அதனைக் கண்டாள். கடைசியாகப் பயன்படுத்தியவள் அவளே. சொன்னால், அவள்தான் கெடுத்தாள் என்று எண்ணிவிடுவார்கள். வேறு எவரும் பார்க்கவில்லை. மறுநாள் முதல் பாடவேளையில் வேறொரு பிரிவு மாணவர்கள் அம்மேசையில் நிற்பார்கள்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. தம் இளமைக்காலத்து விடியற்பொழுது ஒன்றினை அவர் நினைத்துப் பார்த்தார்.

விமானக் கொட்டகைகளில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் ஓர் இடம் உண்டு. அக்கருவியின் உருவமும் அவ்விடத்தில் வரையப்பட்டிருக்கும். பணி முடிந்ததும் கருவிகளை மாட்டிவைத்தால், குறைவது எது என்பதை வெற்றுருவம் காட்டிக்கொடுத்துவிடும். அன்று காட்டிக்கொடுத்தது, ஒரு சிறு திருப்புளியின் இடம். அவர் இரவெல்லாம் பழுதுபார்த்த விமானம் அதற்குள் வெளியே இழுத்துச் செல்லப்பட்டிருந்தது. பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தனர். வாய் திறந்தால் விமானம் நிற்கும். வேலைக்கே ஊறு நேரலாம். திறவாவிட்டால், அத்திருப்புளி எங்கே கிடக்கிறது என்பதை வானத்தில்தான் அறிய நேரும்.

அவர் சொல்லிவிட்டார். பயணிகள் இறக்கப்பட்டனர். மூடிகளைத் திறந்து தேடியபோது, வால்பகுதியில் கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் இடத்திற்கு ஒரு சாண் தொலைவில் திருப்புளி கிடந்தது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. அந்நிறுவனம் அவருக்கு ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தியது.

“தண்டனை எனக்கு வலிக்கவில்லை, அம்மா. அன்று மாலை உடன் பணியாற்றிய ஒருவர், ‘பேசாமல் இருந்திருக்கலாமே’ என்றார். அதுதான் வலித்தது. இனி எவரும் சொல்லமாட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது.”

உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில் மௌனம் வளர்கிறது. மௌனத்தின் விலையை உலகம் பலமுறை கொடுத்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று மலையில் மோதியது. 92 பேர் இறந்தனர். தரையிறங்குவதற்கான அனுமதியின் பொருளை விமானிகள் ஒருவாறும் கட்டுப்பாட்டாளர் வேறொருவாறும் புரிந்துகொண்டதால், விமானம் உரிய உயரத்திற்குக் கீழே இறங்கியிருந்தது. விசாரணையில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. ஆறு வாரங்களுக்கு முன்னர், மற்றொரு நிறுவனத்தின் விமானம் இதே தவற்றால் இதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. பிறருக்கு அச்செய்தி போய்ச்சேர வழியில்லை.

அந்த வழியை அமைப்பதற்காகவே 1976ஆம் ஆண்டில் அங்கு ஒரு தன்னார்வத் தகவல் திட்டம் தொடங்கப்பட்டது. தண்டிக்கும் அதிகாரமுடைய துறையிடம் எவரும் மனம் திறக்கமாட்டார்கள் என்பதால், அதனை நடத்தும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரமில்லாத விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தகவல் தருவோரின் பெயர் மறைக்கப்படும். பாடம் மட்டும் எல்லாருக்கும் அறிவிக்கப்படும். வேண்டுமென்றே விதியை மீறுவோர்க்கும் குற்றம் புரிவோர்க்கும் இப்பாதுகாப்பு இல்லை. அறியாமல் நேர்ந்த பிழைக்கும் அறிந்தே செய்த அலட்சியத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறம் மறப்பதில்லை.

இந்தியாவின் பெருந்துயரம் 1996 நவம்பர் 12 அன்று நிகழ்ந்தது. தில்லிக்கு மேற்கே, அரியானாவின் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே, சவுதி அரேபிய விமானமும் கசகசுதான் விமானமும் நடுவானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய கசகசுதான் விமானம், 14,000 அடியில் வந்த மற்றதன் பாதைக்கு இறங்கிவிட்டது. தரையோடு பேசிய அதன் வானொலிப் பணியாளருக்குத் தனியே உயரமானி இல்லை. விமானிகளின் கருவியை எட்டிப்பார்த்துத்தான் அவர் உயரத்தை அறிய வேண்டியிருந்தது. அன்று தில்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் ஒரே வான்தடந்தான் இருந்தது. கட்டுப்பாட்டாளரின் ரேடாரும் விமானத்தின் உயரத்தைக் காட்டவில்லை.

நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, உரிய உயரத்தைக் கடந்து இறங்கியதே காரணம் என்று கண்டது. எனினும், திருத்தம் ஒருவரோடு முடிந்துவிடவில்லை. வரவுக்கும் செலவுக்கும் வான்தடங்களைத் தனித்தனியே பிரிப்பதும், உயரம் காட்டும் ரேடாரை நிறுவுவதும் அரசின் கடமை. மோதல் தவிர்ப்புக் கருவியை விமானத்தில் பொருத்துவது நிறுவனங்களின் கடமை. எதிரெதிரே நெருங்கும் இரு விமானங்களின் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் பணிக்கும். இக்கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. இவற்றுள் ஒன்று முன்னரே இருந்திருந்தாலும் அவ்விபத்து தவிர்ந்திருக்கக்கூடும்.

விபத்து நிகழ்ந்தபின் கற்பதைவிட, நிகழுமுன் கற்பதே சிறந்தது. இவ்வெண்ணத்தால் 1997ஆம் ஆண்டில், உயிரிழப்பு விபத்துகளின் விகிதத்தைப் பத்தாண்டுகளில் 80 விழுக்காடு குறைப்பது என்று அமெரிக்கா இலக்கு வகுத்தது. அரசுத் துறையினர், விமான நிறுவனத்தார், விமானம் செய்வோர், விமானிகளின் சங்கத்தார் ஆகியோர் ஒரே குழுவாகக் கூடினர். வணிகத்தில் போட்டியிடும் நிறுவனங்கள், பாதுகாப்புத் தகவலில் மட்டும் போட்டியிடுவதில்லை என உடன்பட்டன. பத்தாண்டு முடிவில் உயிரிழப்பு இடர் 83 விழுக்காடு குறைந்தது. இந்தியாவிலும் 2010 மே 22 அன்று மங்களூரில் 158 உயிர்களைப் பறித்த விபத்திற்குப் பின்னர், அரசும் நிறுவனங்களும் வல்லுநர்களும் கூடி ஆராயும் ஆலோசனைக் குழு உருவானது. விபத்துகளை ஆராய்வதற்கெனத் தனிப் புலனாய்வு அமைப்பும் 2012ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது.

“மந்தைவெளிக்கும் இதில் பங்குண்டு, அம்மா” என்றார் முதியவர். “விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில், பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. கழுகு ஒன்று இயந்திரத்துள் புகுந்தால் போதும். நாம் ஏறத்தாழ அந்த எல்லையில்தான் இருக்கிறோம். தெருவில் குப்பையைக் கொட்டுபவருக்கு வானத்தின் நினைவு வருவதில்லை.”

அவள் மேலே பார்த்தாள். இன்னொரு விமானம் சக்கரங்களை நீட்டியவாறு இறங்கிக்கொண்டிருந்தது. அதனுள் இருப்போர் எவரும் தம்மைக் காத்தவர்களின் பெயரை அறியமாட்டார்கள்.

“சொன்னதற்காக நீங்கள் வருந்தியதுண்டா, தாத்தா?”

“ஊதிய உயர்வுக்காகச் சில மாதம் வருந்தினேன். அந்த விமானத்தில் ஏறியவர்களின் முகங்களை நினைத்தபோது வருத்தம் போய்விட்டது.”

அவள் கீழே சென்றாள். விடியும்வரை காத்திராமல், வேதியியல் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டதைக் கூறினாள். கடைசியாகப் பயன்படுத்தியவள் தானே என்பதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் ஒரு கணம் அமைதி நிலவியது. பிறகு ஆசிரியர் கேட்ட முதற்கேள்வி, யார் கெடுத்தது என்பதாக இல்லை.

“எந்த மேசை, அம்மா?” என்றே அவர் கேட்டார்.